முப்பத்துமூன்றரை அங்குலம்

ஐயா, நீங்கள் எனக்குத் தந்திருக்கும் இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. கால் அங்குலம் இருக்கும். ஒரு அட்டையை நாலாக மடித்துக் கீழே கொடுத்தால் ஆட்டம் நின்றுவிடும். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முப்பது வருடம் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தவன். எதைப் பார்த்தாலும் என் கண் முதலில் அளவைத்தான் பார்க்கும். உங்கள் சட்டையில்கூட வலது தோள் சற்று இறங்கியிருக்கிறது. அது தைத்தவர் தப்பு, உங்கள் தோளில் ஒரு குறையும் இல்லை.

ஸ்டேஷன் வாசலில் என் காலரில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். அதைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

கால்நடை டாக்டர் இறந்ததை விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். அதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. ஆனால் ஆளைக் கொன்ற குதிரை என்று சொல்லி, வருகிற வெள்ளிக்கிழமை எங்கள் ஊக்குவை ஊசி போட்டுக் கொல்லப்போவதாக வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். வாயில்லா ஜீவன் மேல் பழி போடலாமா? அதனால்தான் கடையைப் பூட்டிவிட்டு நானே நடந்து வந்தேன். நிதானமாகச் சொல்கிறேன், நீங்களும் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

என் மனைவி எட்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சாப்பிடு என்றால் சாப்பிடுவாள், குளி என்றால் குளிப்பாள், மறுபடியும் போய்ச் சுவரைப் பார்ப்பாள். டாக்டர்கள் பெரிய பெரிய பெயராகச் சொன்னார்கள். அவளைக் கேட்டால் "ஒண்ணுமில்லங்க" என்பாள். ஒன்றுமில்லாததற்கு எந்தக் கடையில் போய் மருந்து வாங்குவது? அப்போதுதான் ஒருநாள் துணி சுற்றி வந்த பழைய பத்திரிகைத் தாளில் ஒரு படம் இருந்தது. நாய் உயரத்தில் இரண்டு குட்டைக் குதிரைகள் சோபா பக்கத்தில் நின்றன. அவள் அந்தத் தாளை என் கையிலிருந்து வாங்கினாள். வெகு நேரம் பார்த்தாள். பிறகு, "இதுக்கு யாருங்க லாடம் அடிப்பா? பொம்மைக் கடைக்காரனா?" என்று கேட்டாள்.

எட்டு மாதத்தில் அவள் கேட்ட முதல் கேள்வி அது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுவாரமே இரண்டு குட்டிகளோடு வந்து இறங்கினேன்.

விற்ற பண்ணைக்காரர் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். "முப்பது அங்குலத்துக்கு மேல ஒரு நூல் வளராது மாஸ்டர். வளந்தா என் மீசையை எடுத்துடறேன்." பின்னால் ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். மீசை அப்படியேதான் இருந்தது.

கறுப்புக் குட்டிக்குப் பொத்தான் என்றும் செம்பட்டைக்கு ஊக்கு என்றும் அவள்தான் பெயர் வைத்தாள். அந்த நாட்களை உங்களுக்கு எப்படிச் சொல்வது ஐயா? பொத்தான் சமையலறைக்குள் வந்து துணிக்கூடையில் தலையை விட்டுக்கொண்டு, எடுக்கத் தெரியாமல் கூடையோடு வீடு முழுக்கச் சுற்றும். ஊக்கு கண்ணாடி முன்னால் நின்று தன்னைத்தானே பார்த்துக் கனைக்கும். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். பக்கத்து வீட்டு அம்மா சத்தம் கேட்டுப் பயந்து ஓடிவந்தாள். "ஒண்ணுமில்ல, சிரிக்கிறேன்" என்றாள் என் மனைவி. அதே ஒன்றுமில்லைதான். ஆனால் அது வேறு ஒன்றுமில்லை. நானும் வாசலில் நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு ஒரு விதி உண்டு. முப்பத்துநாலு அங்குலம் வரைக்கும் வளர்ப்புப் பிராணி. அதற்கு மேல் ஒரு நூல் போனாலும் கால்நடை. கால்நடை என்றால் ஏழு நாளுக்குள் ஊருக்கு வெளியே போய்விட வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை கால்நடை டாக்டர் அளந்து சர்டிபிகேட் தர வேண்டும். என் மனைவிக்கு அந்த அளவெடுப்பு ஒரு விளையாட்டு. மாதத்தின் முதல் தேதி நான் டேப்பைப் பிடிப்பேன், அவள் சுவர்க் காலண்டரில் எழுதுவாள்.

பொத்தான் மரியாதையான குதிரை. முப்பத்திரண்டில் நின்றுவிட்டது. ஊக்கு நிற்கவில்லை. ஒரு முதல் தேதி காலை டேப்பைப் பிடித்தேன், முப்பத்துநாலரை காட்டியது. நிமிர்ந்து பார்த்தால் அவள் பென்சிலை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி காத்திருக்கிறாள். "முப்பத்துமூன்றரை" என்றேன். எழுதினாள். அவ்வளவுதான் ஐயா, ஆரம்பம். யாருக்கு என்ன நஷ்டம்?

ஆனால் தையல்காரன் மனசுக்கு வாய்ப்பொய் ஒத்துவராது. டேப் ஒன்று காட்ட, வாய் வேறொன்று சொல்வது தொழிலுக்கே துரோகம். அதனால் அன்று மதியம் கடையில் வெள்ளை நாடா ஒன்றை எடுத்துக் கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து, புதிதாகக் கோடு போட்டேன். ஒவ்வொரு அங்குலமும் கொஞ்சம் தாராளமான அங்குலம். எண்களை அழகாக எழுதினேன். அடுத்த மாதம் ஊக்குவை அளந்தபோது அது உண்மையாகவே முப்பத்துமூன்றரை காட்டியது. எவ்வளவு நிம்மதி தெரியுமா? நான் பார்த்ததைத்தான் சொன்னேன்.

ஊக்கு வளர வளர நானும் நாடா மாற்றினேன். மொத்தம் ஐந்து டேப். டேப் மட்டும் போதாது, கண் என்று ஒன்று இருக்கிறதே. அதனால் வீட்டையும் கொஞ்சம் வளர்த்தேன். தண்ணீர்த் தொட்டியை எடுத்துவிட்டுப் பெரிய தொட்டி வைத்தேன். அவள் உட்காரும் முக்காலிக்குக் கால் ஒட்டினேன். சாப்பாட்டு மேசைக்குக் கீழே செங்கல். அவள் செருப்புக்கு அடியில் தக்கை. "என்னங்க, இப்பல்லாம் நடந்தா உடம்பு லேசா, உயரமா இருக்கு" என்று பூரித்துப் போனாள். நானும் "மனசு நல்லா இருந்தா அப்படித்தான்" என்றேன்.

ஒரு சறுக்கல் வந்தது. அவசரத்தில் நாலாவது டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டேன். பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியைக்கு அதிலே அளவெடுத்து, நல்ல டேப்பில் வெட்டியதால் ரவிக்கைக்குள் காற்றுகூடப் போகவில்லை. "நான் என்ன குழந்தையா?" என்று கடை அதிரச் சத்தம் போட்டார். இன்னொன்று இனாமாகத் தைத்துத் தந்தேன். அதற்குப் பிறகு வீட்டு டேப்பை வீட்டிலேயே ஆணியில் மாட்டி வைத்தேன். இரண்டு உலகத்துக்கும் தனித்தனி அங்குலம், குழப்பம் இல்லை.

இப்போது டாக்டர். நல்ல பையன் ஐயா. முப்பது வயதுகூட ஆகவில்லை. என் மனைவியை அக்கா என்றுதான் கூப்பிடுவார். பையில் எப்போதும் குதிரைகளுக்குப் பிஸ்கட் இருக்கும். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, கோட் தைக்க என்னிடம்தான் தந்திருந்தார். நல்ல டேப்பில்தான் அளவெடுத்தேன். அளவெடுக்கும்போது கூச்சத்தில் நெளிந்துகொண்டே சிரிப்பார்.

போன முறை ஊக்குவின் பின்னங்குளம்பு வீங்கியிருக்கிறது என்று பார்க்க வந்தார். அவர் குனிந்திருந்த நேரத்தில் பொத்தான் அவர் பையிலிருந்த டேப்பைப் பாதி வரை மென்று விழுங்கிவிட்டது. மீதியை இழுக்க அவரும், விடாமல் பொத்தானும், நடுவில் சிரித்துச் சிரித்து என் மனைவியும். அன்றைக்கு வீடே அமர்க்களம். குளம்புக்குள் சீழ் பிடித்திருக்கிறது, மயக்கம் கொடுத்துக் கீறி எடுக்க வேண்டும், அடுத்த வாரம் வருகிறேன், சர்டிபிகேட்டையும் அன்றைக்கே எழுதிவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் வந்தார். மயக்க மருந்து எடையைப் பொறுத்தது. நெஞ்சுச் சுற்றளவை அளந்தால் எடை எவ்வளவு என்று ஒரு அட்டவணையில் பார்த்துக்கொள்வார். "உங்க டேப்பைக் குடுங்க மாஸ்டர், என்னோடதுதான் பொத்தான் வயித்துல இருக்கே" என்றார். ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வேறு டேப் வீட்டில் இல்லை, அது உண்மை.

சுற்றி அளந்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "என்ன மாஸ்டர், பாத்தா ஆள் பெருசா தெரியறான், டேப் சின்னதா சொல்லுது?"

"முடி டாக்டர். குளிருக்குப் புசுபுசுன்னு நிக்குது."

ஒப்புக்கொண்டார். டேப்பை நம்பாமல் கண்ணை நம்புகிறவர் யார்? மருந்து எடுத்தார். கொடுக்க வேண்டியதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். அந்த நிமிஷம் நான் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் திறந்தேன் என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் அவரே பேச ஆரம்பித்துவிட்டார். "குளம்பு வேலை முடியட்டும் மாஸ்டர். வண்டியில புதுசா அளவுக் குச்சி வாங்கி வெச்சிருக்கேன், இரும்புக் குச்சி. சர்டிபிகேட்டுக்கு உயரத்தை அதுலயே எடுத்துடறேன். இந்த வருஷத்துல இருந்து குச்சிதான் செல்லும்."

இரும்புக்குக் கஞ்சி போட முடியாது ஐயா.

என் மனைவி பக்கத்தில் நின்று ஊக்குவின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள். அந்தக் கை மறுபடியும் சுவரைத் தடவும் என்று நினைத்தேன். "டாக்டருக்கு டீ போட்டுக் கொண்டா" என்று அவளை உள்ளே அனுப்பினேன். அவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது, அதில் நான் கவனமாகத்தான் இருந்தேன்.

நான் தலைப்பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அவர் பின்னால் போய்க் காலைத் தூக்கித் தன் தொடை மேல் வைத்துக் குனிந்தார். ஊக்குவின் கண் பாதி மூடியிருந்தது, ஆனால் காது என் மூச்சுக்குத் தக்கபடி திரும்பிக்கொண்டிருந்தது. தூங்குகிற குதிரைக்குக் காது திரும்பாது.

"தூங்கிட்டானா மாஸ்டர்?" என்று கேட்டார்.

"தூங்கிட்டான் டாக்டர்" என்றேன்.

கத்தி பட்டதும் உதைக்கும் என்று எதிர்பார்த்தேன். உதைக்கவில்லை. எங்கள் ஊக்கு அவ்வளவு நல்ல குதிரை. நடுங்கிக்கொண்டு பொறுத்துக்கொண்டது. அவரும் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி வேலையை முடிக்கப் பார்த்தார். இன்னும் ஒரு நிமிஷத்தில் எழுந்துவிடுவார், வண்டிக்குப் போவார், குச்சியை எடுப்பார். அப்போது காலரிலிருந்த ஊசியை எடுத்து ஊக்குவின் தோளில் ஏற்றினேன். முழு ஊசி. ஒரே உதைதான். அவர் சத்தம்கூடப் போடவில்லை. நான் ஊசியைத் துடைத்துக் காலரில் குத்திக்கொண்டேன், கை தானாகச் செய்தது, பழக்கம்.

அதனால்தான் சொல்கிறேன், ஊக்குவுக்கு இதில் ஒன்றும் தெரியாது. தோளில் ஊசி குத்திய தழும்பு இருக்கும், ஆள் அனுப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். கோட்டை மறுநாள் காலையிலேயே முடித்து டாக்டர் வீட்டில் கொடுத்தேன். அதைப் போட்டுத்தான் அடக்கம் செய்தார்கள். அவர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு கச்சிதமா இருக்கு பாருங்க" என்று அழுதார். கச்சிதமாகத்தான் இருந்தது.

நான் செய்தது தப்புதான். தண்டனை எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எல்லாம் அவளுக்காகச் செய்தது. கொலையை அவளிடம் சொல்லுங்கள், பரவாயில்லை. உயரத்தை மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவள் தாங்க மாட்டாள்.

என்ன இது? எங்கள் வீட்டுக் காலண்டர் மாதிரி இருக்கிறதே. அவளே கொண்டுவந்து கொடுத்தாளா? இதன் பின்பக்கத்தை நான் பார்த்ததில்லை. கையெழுத்து அவளுடையதுதான். இருங்கள், கண்ணாடி போட்டுக்கொள்கிறேன்.

'ஊக்கு நாலு சாண் மூணு விரல்.' அடுத்த தாளில், 'நாலரைச் சாண்.' கடைசித் தாளில், 'ஊக்கு அஞ்சு சாண். பாவம் இவர், நாடா நாடாவாகச் செய்து ஆணியில் மாட்டுகிறார். என் செருப்பில்கூடத் தக்கை. நான் படுத்திருந்த எட்டு மாதமும் இவர் முகத்தில் ஈயாடவில்லை. இப்போதுதான் வாய்விட்டுச் சிரிக்கிறார். தெரியாத மாதிரியே இருந்துவிடுகிறேன். ஊருக்கு வெளியே தம்பி தோட்டத்தில் இடம் கேட்டேன், குதிரைகளோடு நீங்களும் வந்துவிடுங்கள் என்றான். சர்டிபிகேட் கிடைக்காத அன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.'

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள் ஐயா.

இல்லை, இதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது. சாண் ஒரு அளவா? ஆளுக்கு ஆள் மாறும். அவள் எட்டு மாதம் படுத்துக் கிடந்தவள், விரலெல்லாம் இளைத்துப்போயிருக்கும். இளைத்த கைக்கு எந்தக் குதிரையும் அஞ்சு சாண் வரத்தான் செய்யும். என் பையில் வீட்டு டேப் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் யாரையாவது அனுப்பி அதில் அளக்கச் சொல்லுங்கள். முப்பத்துமூன்றரைதான் இருக்கும்.