துவைக்காத விரிப்பு

தலைமை ஏற்றிருக்கும் மருத்துவ அதிகாரி ஐயா அவர்களே! முன்வரிசையில் முழங்கால் வலியோடு அமர்ந்திருக்கும் பெரியவர்களே! மடியில் பிள்ளையும் மனதில் அடுப்பும் வைத்துக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே! கடைசியில் வந்தும் மின்விசிறிக்கு அடியில் இடம் பிடித்த கெட்டிக்காரத் தம்பிகளே! உங்கள் எல்லோருக்கும் இந்தச் சலவைக்காரியின் வணக்கம்.

எங்கள் தெருப் பெண்களிடம் இருக்கும் மாத்திரைகளை, பிரசவத்துக்குப் பின் பெருகும் ரத்தத்தைக் கட்டுப்படுத்தும் அந்த மாத்திரைகளை, திரும்ப வாங்கி ஆஸ்பத்திரி அலமாரியில் பூட்டலாமா என்று ஐயா இன்று முடிவு சொல்லப் போகிறார். படிக்காதவர் கையில் மருந்து எதற்கு என்று சிலர் கேட்டார்களாம். நியாயமான கேள்விதான். நான் மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் வாசலில்தான் நின்றேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு என் மகளுக்கு வீட்டிலேயே பிரசவம். பெண் குழந்தை; அவள்தான் இன்று எங்கள் வீட்டுச் சட்டாம்பிள்ளை. அன்று நான் என்ன செய்தேன்? துணி நனைந்தது, மாற்றினேன். மறுபடி நனைந்தது, மறுபடி மாற்றினேன். அலசினேன், பிழிந்தேன், கொடியில் போட்டேன். "அம்மா, கண்ணு இருட்டுதும்மா" என்றாள். "பெத்தவளுக்கு அப்படித்தான்டி இருக்கும்" என்றேன். எவ்வளவு ரத்தம் போனது? யாருக்குத் தெரியும்? நான்தான் துவைத்துவிட்டேனே! தரை பளிச்சென்று இருந்தது. என் மகள் இல்லை.

அழாதீர்கள், தாயே. நான் அழ வைக்க வரவில்லை.

பிறகு எங்கள் தெருப் பெண்களுக்குப் பயிற்சியும் மாத்திரையும் கொடுக்க நர்சம்மா வந்தார். ஒரு விரிப்பைக் காட்டி, "இதை அடியில போடுங்க. ஓரம் வரைக்கும் நனைஞ்சா மாத்திரை கொடுத்து ஆம்புலன்ஸ் வண்டியக் கூப்பிடுங்க. வண்டி வர்ற வரைக்கும் துவைக்கக் கூடாது" என்றார். "பார்க்கறவங்க என்ன சொல்வாங்க?" என்றேன். "என்ன வேணா சொல்லட்டும்மா. நீங்க விரிப்பத் தொட்டா கையிலயே போடுவேன்!" என்றார்.

போன மாதம், நண்பகல். வெல்டிங் கடைக்காரர் மனைவிக்கு வண்டி வருவதற்குள் பிள்ளை வந்துவிட்டது. மாமியார் வாளியோடு நிற்கிறார்.

"நகரு, இந்த அசிங்கத்தைக் கழுவணும்."

"வாளியக் கீழ வைங்கக்கா."

"என் வீட்டுக்கே வந்து என்னையே அதட்டறியா?"

"ஆமாக்கா, அதட்டறேன்!"

விரிப்பு ஓரம் வரை நனைந்தது. வயிற்றைத் தடவி இன்னொரு பிள்ளை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, நாக்குக்கு அடியில் மாத்திரைகளை வைத்தேன். "சாக்பீஸ் மாதிரி இருக்குக்கா" என்று முகம் சுளித்தாள். "ருசி பார்க்கவா கொடுத்தேன்? வாய மூடிக் கரைய விடுடி!" ரத்தப்பெருக்கு மட்டுப்பட்டது, அரைமணி நேரத்தில் வண்டியும் வந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து நடந்தே வீட்டுப்படி ஏறினாள். அதோ, எழுந்திரு பெண்ணே! தட்டுங்கள் கையை! மாமியாருக்கும் தட்டுங்கள், இன்னும் என்னோடு பேசவில்லை, ஆனால் எனக்கு நாற்காலி பிடித்து வைத்தவர் அவர்தான்!

ஐயா, அலமாரிக்குப் பூட்டு உண்டு; ஓடுகிற ரத்தத்துக்குப் பூட்டு உண்டா? சாவி வரும்வரை அது காத்திருக்குமா? என் மகளைப் பறிகொடுத்தது படிப்பில்லாததாலா? இல்லை ஐயா! பார்க்க வேண்டியதைப் பார்க்கச் சொல்லித்தர ஆள் இல்லை. கொடுக்க வேண்டியது கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. இன்று ஆளும் உண்டு, மருந்தும் உண்டு. அதையா பூட்டுவது?

என்ன ஐயா, தலையாட்டுகிறீர்கள்? கடைசி வரிசைக்குத் தெரியவில்லையாம். வாய் திறந்து சொல்லுங்கள்!

கேட்டீர்களா? "உங்ககிட்டயே இருக்கட்டும்மா. ஆனா ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எல்லாரும் பயிற்சிக்கு வரணும்" என்கிறார். ஆறு மாதம் எதற்கு ஐயா? நாளைக்கே வருகிறோம்!

செவி கொடுத்த சபைக்கும், மனமிரங்கிய தலைமைக்கும் நன்றி. என் மகளுக்குக் கிடைக்காத அந்த அரைமணி நேரம் உங்கள் மகள்கள் அனைவருக்கும் கிடைக்கட்டும் என்று வாழ்த்தி வணங்குகிறேன். கூட்டத்தில் யாருக்காவது இப்போதே வலி எடுத்தால் சொல்லுங்கள். நான் மேடைப் படிக்குப் பக்கத்தில்தான் நிற்பேன்!