தலைக்கட்டுக் கையெழுத்து

"ஹலோ… ஆமா, அஞ்சுகம்தான்… சொல்லுங்கண்ணே… ம், இருக்காரு. எதுத்தாப்லதான் உக்காந்திருக்காரு, குடுக்கவா?… எங்கிட்டத்தானா? சரி… ஆமா, நாளைக்குத்தான். பத்து மணிக்குக் கோர்ட்டு. மறக்கலண்ணே. எப்புடி மறக்கும்?"

மாலை வெயில் நிலைப்படியைத் தாண்டிக் கூடத்துக்குள் ஒரு முழம் வந்திருந்தது. மறுமுனையில் பேசிக்கொண்டிருந்தவர் கோவிந்தராசு, மேலத்தெருக்காரர்களின் கட்சிக்கு அந்தக் கொம்யூன் வட்டாரம் முழுக்கச் செயலாளர். மூன்று வருடத்துக்கு முன், தேர்தல் முடிவு வந்த அன்று, மேலத்தெருவும் கீழத்தெருவும் அடித்துக்கொண்டன. அந்தச் சாயங்காலம் கீழத்தெரு ஆட்கள் இரண்டு பேர் அஞ்சுகத்தை அவள் வீட்டு மாட்டுக் கொட்டகைக்குள் இழுத்துப் போட்டுச் சீரழித்தார்கள். அவளை ஆஸ்பத்திரிக்குத் தன் காரில் கொண்டுபோனவர் கோவிந்தராசு. புகார் எழுத வைத்ததும், மேடை போட்டு அவளுக்கு நியாயம் கேட்டதும் அவர்தான். அதனால்தான் முதல் மணியிலேயே எடுத்தாள்.

எதிரில் அவள் புருஷன் பாலகுரு, மருந்தடிக்கும் தெளிப்பானின் மூக்கான நாசிலைக் கழற்றி, அடைப்பை ஊசியால் குத்திக்கொண்டிருந்தான்.

"சமாதானமா? யாரு யாரோட?… ஓ, கோயில் தேரு ஓடுறதுக்கா… ம், தெரியும், மூணு வருசமா கொட்டாயிலயே நிக்குது… கேசெல்லாம் முடிஞ்சாத்தான் போலீசு விடும்… சரி… நம்ம ஆளுங்க வைக்கப்போர் கொளுத்துன கேசு, அவனுவ கடையை ஒடைச்ச கேசு… நல்லதுதானே, முடிங்க. நானா வேண்டாங்கறேன்?… என்னுதா?… என்னுதும் அந்தச் சமாதானத்துலதான் இருக்கா?"

அவர் விளக்கிக்கொண்டே போனார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். இந்த மூன்று வருடத்தில் அவள் கற்றுக்கொண்டது ஒன்றுண்டு: பேசுகிறவரை முடிக்க விட்டால், தானாகவே எல்லாம் வெளியே வந்துவிடும்.

"ம்… அது முடியாதுண்ணே. வக்கீலம்மா சொல்லிட்டாங்க, இந்தக் கேசைச் சமாதானத்துல முடிக்க முடியாதாம்… அப்ப என்ன சொல்லணுங்கறீங்க?… கூண்டுல ஏறி?… ம்… இருட்டா இருந்துச்சுன்னு… ஆளு அடையாளம் தெரியலன்னு… ஆங். ரெண்டே வரிதான். அண்ணே, அது மே மாசம். சாயங்காலம் ஆறு மணி. மாடு வைக்கோலைத் தின்னுட்டு நின்னது கூட எனக்குத் தெரிஞ்சுது, அவனுவ மூஞ்சி தெரியாதா?"

ஊசி நாசில் விளிம்பில் கீச்சிட்டது.

"சமாதானப் பேப்பர்ல கையெழுத்தா? நான் எங்க போட்டேன்?… எல்லாத் தலைக்கட்டுமா?… நாப்பத்திரெண்டுமா?"

ஊர்க்கூட்டத்தில் குடும்பத்துக்கு ஒரு கையெழுத்து. கோயில் வரியோ, வாய்க்கால் வெட்டோ, தலைக்கட்டுக்கு ஒருவர் போட்டால் அந்த வீடே போட்ட மாதிரி. போடுகிறவர் ஆம்பிளை. அஞ்சுகம் கல்யாணமாகி வந்த இந்த இருபத்திரண்டு வருடத்தில் அதை யாரும் கேள்வி கேட்டதில்லை, அவளும் கேட்டதில்லை.

போனைக் காதிலிருந்து எடுக்காமலே கேட்டாள்.

"ஏங்க. நீங்க போட்டீங்களா?"

பாலகுரு நாசிலை உதட்டில் வைத்து ஊதினான். காற்று மறுபக்கம் வரவில்லை. மறுபடி ஊதினான்.

"ம்… இருக்கேண்ணே, லைன்லதான் இருக்கேன்… போட்டிருக்காரு. இப்பத்தான் தெரியுது… இருங்க, இருங்க, நான் பேசிக்கிறேன். இது என்ன தேர் வரியா, தலைக்கட்டுக்கு இவ்வளவுன்னு பிரிக்க? அன்னைக்கு மாட்டுக் கொட்டாயில இழுத்துப் போட்டது தலைக்கட்டையா, என்னையா?… கத்தலண்ணே. இதுக்குப் பேரா கத்துறது? நான் கத்துனப்ப நீங்க கேட்டிருக்கணும்… ஆமா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனீங்க. மேடையில 'எங்க வீட்டுப் பொண்ணு'ன்னு அழுதீங்க. ஓட்டுக் கேக்குறப்ப உங்க வீட்டுப் பொண்ணு, தேரு ஓடணும்னா பாலகுரு பொண்டாட்டியா?"

மறுமுனையில் குரல் உயர்ந்திருக்க வேண்டும். போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்தாள்.

"யாரு, கீழத்தெரு பங்கஜவல்லியா?… ம்… ஆமா, அவளுக்கும் அதே நாளுலதான் நடந்துச்சு, நம்ம தெரு ஆளுங்களால… அவ ஊட்டுக்காரரும் போட்டுட்டாரா? நல்லாருக்கு. அவளுக்கு நடந்தது எனக்கு ஈடு, எனக்கு நடந்தது அவளுக்கு ஈடு. ரெண்டு தெரு ஆம்பிளையும் கையக் குலுக்கி, சால்வை மாத்திக்கிட்டாச்சு. அப்ப மேற்கொண்டு யாருக்குண்ணே குறை?… சரி, தேரு எங்க வாசல்ல நிக்க வேண்டாம். தேங்கா ஒடைக்காம தாண்டிப் போவட்டும்… ஒதுக்கி வைங்க. மூணு வருசமா தண்ணிக்குப் போனா பொம்பளைங்க பேச்சை நிறுத்துறாங்க. இனிமே என்னத்தை ஒதுக்கப் போறீங்க?… மெரட்டலன்னா அப்ப இது என்ன?"

அவர் வைக்கப் போகிறார் என்று தெரிந்தது. அவள் குரல் சட்டென்று இறங்கியது.

"அண்ணே, வைக்காதீங்க. ஒண்ணு சொல்லணும். உங்களுக்குத்தான்… இல்ல, சண்டைக்கு இல்ல. அன்னைக்கு நாலு மணிக்கு நான் புல்லுக்கட்டோட வாய்க்கா கரையில வந்துக்கிட்டிருந்தேன். மோட்டார் கொட்டாய்க்குள்ள பங்கஜவல்லி கத்துறது கேட்டுச்சு. நான் நிக்கல. கீழத்தெருக்காரி, நமக்கென்னன்னு கட்டை எறக்காமயே வந்துட்டேன்… ரெண்டு மணி நேரந்தான் ஆச்சு. என்னை இழுத்தானுவ. நானும் கத்துனேன். தெருவுல ஆளு போன சத்தம் கேட்டுச்சுண்ணே. செருப்புச் சத்தம். அதுவும் நிக்கல."

பாலகுருவின் கை நின்றது. இதை அவனும் இப்போதுதான் கேட்கிறான்.

"போலீசு கேட்டப்ப ஒண்ணும் பாக்கலன்னேன். அவ கண்ணைத் துண்டால கட்டிட்டானுவ, அவளுக்கு யாருன்னு தெரியாது. யாருன்னே தெரியலன்னு கேசை மூடிட்டாங்க… ஆமா. பாத்தேன். வெளிய நின்னு கதவைப் பிடிச்சிக்கிட்டிருந்தது யாருன்னு பாத்தேன். நம்ம கட்சிப் புள்ளையாச்சேன்னு முழுங்கிட்டேன்… இருட்டா? நாலு மணிண்ணே!… பேரா? உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரியணுமா? உங்க மவன் மணிபாரதி."

கோவிந்தராசு மௌனமாக இருந்து அவள் கேட்டதே கிடையாது. மேடையிலும் சாவு வீட்டிலும் பேசிக்கொண்டே இருப்பவர். இப்போது அவருக்குப் பின்னால் எங்கோ ஒரு மின்விசிறி ஓடும் ஓசை மட்டும் தெளிவாகக் கேட்டது. அவள் அந்த மௌனத்தையும் முடிய விட்டாள்.

"… என்னது?… வீட்டுக்கு வந்து பேசுறீங்களா? வேண்டாண்ணே. போன வியாழக்கிழமையே பங்கஜவல்லிகிட்டச் சொல்லிட்டேன். டவுன் பக்கம் தலத்தெருவுல, வக்கீலம்மா நஜீபா வீட்டுல வச்சு. கேட்டுட்டு என் கன்னத்துல ஒண்ணு வச்சா. வாங்கிக்கிட்டேன். அப்புறம் ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல உக்காந்துட்டோம்… ஆமா, எழுதிக் குடுத்தாச்சு. நாளைக்கு என் கேசுல சாட்சி சொல்லிட்டு, அவ கேசைத் திரும்ப எடுக்கச் சொல்லி அதையும் குடுக்கப் போறோம். அடியில கையெழுத்து நானே போட்டேன். தலைக்கட்டு வேணும்னு யாரும் கேக்கல… அண்ணே?… அண்ணே, கேக்குதா?… ஹலோ?"

துண்டித்திருந்தார்.

திரை அணைந்து கறுப்பாகும்வரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதைச் சாமி மாடத்தின் பக்கத்தில் வைத்துவிட்டு, புருஷனின் எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தாள். அவன் மடியில் தெளிப்பானின் துண்டுகள் கிடந்தன. திருகாணி எது, வளையம் எது என்று தெரியாதவனைப் போல அவற்றைத் தொட்டுத் தொட்டு விட்டான்.

அவள் நாசிலை அவன் கையிலிருந்து வாங்கினாள். ஊதிப் பார்த்தாள். அடைப்பு போகவில்லை. அவனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"காலையில எட்டு மணிக்குள்ள தலத்தெரு வக்கீலம்மா வீட்டுக்குப் போயிடணும். பங்கஜவல்லியும் வருவா. அவ பஸ்ஸுல வரா, தனியாத்தான்." சற்று நிறுத்தினாள். "நான் எதுல போறதுங்கறதை நீங்க சொல்லுங்க. உங்க வண்டியா, அந்த பஸ்ஸா?"

வெயில் கூடத்திலிருந்து மறைந்திருந்தது. அவன் நாசிலைக் கையில் வைத்தபடியே வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தான். அவள் எழவில்லை.