மேற்கு மூலைச் சத்தம்

எனக்குக் காது நல்ல கூர்மை, ஐயா. பட்டாளத்தில் கண்ணிவெடி தேடும் வேலையை எனக்குக் கொடுத்ததே அதனால்தான். சண்டை முடிந்தபின் ராணுவ ஏலத்தில், மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைக் காட்டும் அந்த மிஷின் ஒன்றை எடுத்துக்கொண்டு செம்பட்டிக்கு வந்தேன். மண்ணில் தொலைந்த நகைநட்டைத் தேடிக்கொடுத்துப் பிழைத்தேன்.

அதில் பெரிய தொல்லை பொய்ச் சத்தம். ஆணி, லாடம், கொல்லன் கொட்டிய கசடு, எல்லாவற்றுக்கும் மிஷின் கூவும். இஞ்ஞாசியம்மாளின் சங்கிலியைத் தேடுகிறேன் என்று அவள் தோட்டத்தையே தோண்டவைத்தேன். மாட்டு லாடம்தான் வந்தது. என் சித்தப்பா மகன் சோலைமுத்து அதை டீக்கடையில் நடித்தே காட்டினான். "சுருளிவேல் அண்ணன் மிஷினு லாடத்துக்குத்தாம்ப்பா அழுகும்" என்றான். ஊர் சிரித்தது. அதன்பின் என்னை யாரும் கூப்பிடவில்லை. நான் கோபித்துக்கொள்ளவில்லை. அவன் வீட்டு விசேஷங்களுக்குப் போய்வந்துகொண்டுதான் இருந்தேன்.

ஐம்பத்தெட்டுக் கோடையில் அவன் தன் கிணற்றை ஆழப்படுத்தினான். பக்கத்து மண் சரிந்து, கடப்பாரையோடு அடியில் நின்றவனை மூடிவிட்டது. மற்றவர்கள் ஏறித் தப்பினார்கள். எந்தப் பக்கம் கிடக்கிறான் என்று தெரியவில்லை. கண்ட இடத்தில் வெட்டினால் இன்னும் சரியும். அவன் பெண்சாதி ஒச்சம்மாள் என் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

"மாமா, ஒங்க மிஷினக் கொண்டாங்க. கடப்பாரை அவரு கையிலதான இருக்கு."

இறங்கினேன். மேற்கு மூலையில் ஹெட்போனில் சத்தம் வந்தது. மிஷினின் தட்டை அசைக்காமல் பிடித்தேன். சும்மா கிடக்கும் இரும்பென்றால் சத்தம் ஒரே சீராக நிற்கும். இது கூடியது, குறைந்தது, மறுபடி கூடியது. மண்ணுக்குள் சோலைமுத்து கடப்பாரையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

மேலேயிருந்து ஒச்சம்மாள் கேட்டாள். "மாமா, ஏதும் கேக்குதா?"

"இல்ல தாயி. பழைய வாளி ஏதோ கெடக்கு. பொய்ச் சத்தம்."

யாரும் சந்தேகப்படவில்லை. மிஷின் பொய் சொல்லும் என்று ஊரை நம்பவைத்தவன் அவன்தானே. கிழக்கு மூலையைக் காட்டினேன். அங்கே வெட்டினார்கள். நானும் கூடச் சேர்ந்து மண் அள்ளினேன், உள்ளங்கை கொப்பளித்துவிட்டது.

கிழக்கில் ஒன்றும் அகப்படாமல் மற்றப் பக்கங்களையும் வெட்டி, பொழுது சாயும் வேளையில் மேற்கு மூலைப் பாறை இடுக்கிலிருந்து அவனை எடுத்தார்கள். உயிர் போயிருந்தது, உடம்பில் சூடு ஆறவில்லை.

மிஷினை உடைத்துப் போட்டேன். பிரயோசனமில்லை. பட்டப்பகலில், சந்தை இரைச்சலுக்கு நடுவிலும் அந்தச் சத்தம் காதில் ஏறி இறங்குகிறது. சோற்றில் கை வைத்தபடியே, "இங்கதான் இருக்கான், வெட்டுங்க" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேனாம். வீட்டுக்காரி பயந்து பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. அவன் உயிரோடு இருப்பது தெரிந்தேதான் இடத்தை மாற்றிக் காட்டினேன். ஒச்சம்மாளிடம் மட்டும் சொல்லவேண்டாம். அன்றைக்கு உயிரைப் பணயம் வைத்துக் கிணற்றில் இறங்கினேன் என்று, ஒவ்வொரு மகசூலிலும் முதல் கூடைத் தக்காளியை என் வீட்டில்தான் கொண்டுவந்து வைக்கிறாள். வேண்டாமென்றால் அவள் மனசு நோகுமே என்றுதான் வாங்கிக்கொள்கிறேன்.