கை மாறாத துப்பாக்கிகள்

வாக்குமூலம் அளிப்பவர்: லவீனியா ப்ரூக்ஷர், வயது 53, பள்ளிப் பேருந்து ஓட்டுநர், 214, ஹாரோ தெரு, கால்டர் ஃபெரி. பதிவு செய்பவர்: துப்பறிவாளர் எஸ். கவால்ஸ்கி. நாள்: மார்ச் 18, பிற்பகல் 3.10.

நான் மேற்படி முகவரியில் பத்தொன்பது வருடங்களாகக் குடியிருந்து வருகிறேன். ஹாரோ தெரு பாப்டிஸ்ட் சபையின் உறுப்பினர். சென்ற குளிர்காலத்தில் எங்கள் தெருவில் மூன்று பேர் சுடப்பட்டு இறந்தார்கள். அவர்களில் இருவர் என் பேருந்தில் ஏழாவது நிறுத்தத்தில் ஏறுகிறவர்கள். அதன் பிறகு, வீடுகளில் கிடக்கும் துப்பாக்கிகளை வாங்கி அழிக்கும்படி நகராட்சியைக் கேட்டோம். நிதி இல்லை என்றார்கள். அதன் பிறகு சபையே வாங்குவதென்று முடிவு செய்து, அது சட்டப்படி செல்லுமா என்று அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டோம். எங்கள் மாநிலத்தில் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குத் துப்பாக்கி போவதென்றால் உரிமம் பெற்ற கடைக்காரர் மூலமாக, வாங்குகிறவரின் பின்னணியைச் சரிபார்த்த பிறகே போக வேண்டும் என்றும், காவல் துறைக்கு மட்டும் விலக்கு உண்டு என்றும், சபை நேரடியாக வாங்கினால் துப்பாக்கிக்கு ஒரு குற்றம் வீதம் ஆகும் என்றும் பதில் வந்தது.

அந்தக் கடிதத்தையும் சட்டப் பிரிவின் நகலையும் எடுத்துக்கொண்டு, எங்கள் சபையின் மூப்பரும் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவருமான ஆர்வல் டீக் என்பவரிடம் போனேன். திட்டத்தைக் கைவிட வேண்டியதுதான் என்று சொல்லத்தான் போனேன். அவர் நகலை வாங்கி, முகக் கவசத்தை நெற்றிக்கு மேல் தள்ளிவிட்டுப் படித்தார்.

"சிஸ்டர், இன்னொருத்தர் கையில குடுத்தாத்தானே தப்பு? குடுக்கவே வேணாமே."

"குடுக்காம எப்படி பிரதர் நாம வாங்குறது?"

"நாம எதுக்கு வாங்கணும்? அவங்கவங்க துப்பாக்கிய அவங்கவங்களே அறுக்கட்டும். மெஷின் நம்மளது, கை அவங்களது. அறுத்துட்டா அது பழைய இரும்பு. பழைய இரும்பு வாங்க எனக்கு இருபத்திரண்டு வருஷமா லைசென்ஸ் இருக்கு."

அந்தப் பிரிவை நான் நான்கு முறை உரக்கப் படித்தேன். நான்காவது முறை முடிந்தபோது இருவருமே எழுந்து நின்றுகொண்டிருந்தோம். அவர் பட்டறையின் ஷட்டரைத் தூக்கி, பக்கத்து டயர் கடைக்காரரைக் கூப்பிட்டு இதைச் சொன்னார். கேட்காமலே தெருவில் போன மனிதருக்கும் சொன்னார். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் என் சொந்தத் தெருவையே தாண்டி வண்டியை ஓட்டிவிட்டேன்.

அதன் பிறகு, மார்ச் 14, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு சபையின் வண்டி நிறுத்துமிடத்தில் கட்டிங் மெஷினை வைத்தோம். ஒன்பது மணிக்கே கார்கள் பெட்ரோல் பங்க் வரை நின்றன. எங்கள் விதி ஒன்றுதான்: உரிமையாளரைத் தவிர வேறு யாரும் துப்பாக்கியைத் தொடக் கூடாது. அவரே குண்டை எடுத்துவிட்டு வர வேண்டும், அவரே கிளாம்பில் மாட்டி இறுக்க வேண்டும், அவரே மெஷினின் கைப்பிடியை இறக்க வேண்டும். துண்டுகளை இரும்புத் தொட்டியில் போட்ட பிறகு, அந்தப் பழைய இரும்புக்கு விலையாக, பொருள் வாங்கிக்கொள்ளும் மளிகைக் கடை அட்டை ஒன்று கொடுப்போம். முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர். அவருடைய இரட்டைக் குழல் துப்பாக்கி இரண்டாக விழுந்ததும், மீன் பொரித்துக்கொண்டிருந்த பாடகர் குழுப் பெண்கள் கரண்டியோடு கை தட்டினார்கள். அவர் தன் பக்கத்து வீட்டுக்காரருடையதையும் தானே அறுத்துத் தருவதாகச் சொன்னார். கூடாது, அவரேதான் வர வேண்டும் என்றேன். அதன் பிறகு போய் அவரை வீட்டில் போடும் செருப்போடேயே அழைத்து வந்துவிட்டார். எதிர்ச் சாரியில் ஒருவர், நல்ல துப்பாக்கிக்கு நாங்கள் தருவதைப் போல மூன்று மடங்கு தருவதாக அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றார். வரிசையில் நின்ற ஒரு பெண் அவரைப் பார்த்து, "போய்யா, மூணு மடங்கு குடுத்து எங்க தெருவுக்கே திருப்பி அனுப்புவ," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அட்டைக்காரர் சிறிது நேரத்தில் போய்விட்டார்.

சுமார் 11.40 மணிக்கு ரோந்துக் காவலர் மெரிவெதர் வந்து, உரிமம் இல்லாமல் ஆயுத வியாபாரம் நடப்பதாகத் தகவல் வந்திருக்கிறது, நிறுத்துங்கள் என்றார். நான் சட்டப் பிரிவின் நகலை அவரிடம் நீட்டினேன். அவர் அதைப் படித்தார். பிறகு மூன்று பேர் அறுப்பதை அருகில் நின்று பார்த்தார். "இதுல எங்க கை மாறுது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். அதன் பிறகு அவராகவே துப்பாக்கி எண்களை வாக்கி டாக்கியில் சொல்லி, எதுவும் திருட்டுப் பொருள் இல்லை என்று உறுதி செய்து தந்தார்.

மதியம் 1.15 மணியளவில், திருமதி கொரின் மாடக்ஸ் என்பவர் குளியல் துவாலையில் சுற்றிய ரிவால்வருடன் நடந்து வந்தார். எனக்கு அதற்கு முன் அவரைத் தெரியாது. அவருடைய வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டில் இருந்தது. வாங்கிய ரசீது அவர் பெயரில் இருந்தது, நான் பார்த்தேன். எண்ணும் சரியாக இருந்தது. ஆனால் ஒரு கையால் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு கிளாம்பையும் இறுக்க முடியாது. மூன்று முறை முயன்றார், மூன்று முறையும் நழுவியது. ஆர்வல் டீக் தன் இரண்டு கைகளையும் மேல்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு திரும்பி நின்றார். தொடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்தார்.

காவலர், "அம்மா, என்கிட்ட குடுங்க. போலீஸ் வாங்கலாம், சட்டத்துல இடம் இருக்கு," என்றார்.

"போன வருஷமும் உங்க ஆளுங்கதான் வாங்கிட்டுப் போனாங்க. நாப்பத்தெட்டாவது நாள் என் புருஷன் என் கையெழுத்த அவரே போட்டுத் திருப்பி வாங்கிட்டு வந்துட்டார். எனக்கு இது ரெண்டாகுறத பாக்கணும் சார்."

காவலர் தொப்பியைக் கழற்றி மெஷின் மேடையில் வைத்தார். அதன் பிறகு, "குழல் பக்கம் நான் பிடிச்சுக்கிறேன். நான் பிடிக்கலாம்ல? நீங்க இறுக்குங்க," என்றார். திருமதி மாடக்ஸ் இடது கையால் கிளாம்பை இறுக்கினார். காவலர் கையை எடுத்துக்கொண்டார். மெஷினின் கைப்பிடியை அழுத்த திருமதி மாடக்ஸின் ஒற்றைக் கைக்குப் பலம் போதவில்லை. ஆகவே அவருடைய கைக்கு மேல் என் கையை வைத்து அழுத்தினேன். என் கை துப்பாக்கியைத் தொடவில்லை. தீப்பொறி என் கழுத்து வரை வந்தது, நான் கையை எடுக்கவில்லை. அறுந்து முடிந்த பிறகும் அவர் கைப்பிடியை விடாததால், அடியில் இருந்த மரக்கட்டை வரை அறுத்துவிட்டோம். பிறகு அவர் சத்தமாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். மளிகை அட்டையை நீட்டியபோது, "நான் விக்க வரல," என்று மறுத்துவிட்டார்.

அன்று மாலை வரை அறுபத்திரண்டு துப்பாக்கிகள் அறுக்கப்பட்டன. அதன் பிறகு, திங்கட்கிழமை திருமதி மாடக்ஸின் கணவர் ராய்ஸ் மாடக்ஸ், தன் துப்பாக்கியைச் சபை சட்டவிரோதமாக வாங்கி அழித்ததாகப் புகார் கொடுத்திருப்பதாக அறிகிறேன். யாரும் கொடுக்கவில்லை, யாரும் வாங்கவில்லை. காவலர் மெரிவெதரிடம், இந்த வாக்குமூலத்தில் உங்கள் பெயரைச் சொல்லட்டுமா என்று கேட்டேன், தாராளமாகப் போடுங்கள் என்றார்.

திருமதி மாடக்ஸ் இப்போது எங்கே இருக்கிறார் என்று என்னிடம் கேட்கப்பட்டது. எனக்குத் தெரியும். நான்தான் கொண்டுபோய் விட்டேன். இந்த வாக்குமூலத்தின் நகல் புகார்தாரருக்குக் கிடைக்கும் என்று நீங்களே முதலில் சொன்னீர்கள். ஆகவே சொல்ல மாட்டேன். அதற்குத் தண்டனை உண்டென்றால் அதையும் இதே தாளில் எழுதிக்கொள்ளலாம்.

(மேற்படி கேள்வி என்னால் திரும்பப் பெறப்படுகிறது. இடம் தெரியும் என்றும் கொண்டுபோய் விட்டதாகவும் உள்ள வரிகளும் சாட்சியின் சம்மதத்துடன் நகலில் மறைக்கப்படும். எஸ்.க.)

இதை எனக்கு வரி விடாமல் வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, நடந்தபடியே சொல்லியிருக்கிறேன்.

(ஒப்பம்) லவீனியா ப்ரூக்ஷர்