செம்பின் சுருதி கண்ட வினிஃப்ரெட் ஹாலம் அம்மையாருக்கு

அலையை அளந்த அறிஞரே! ஆண்டுதோறும் வந்து சேர்ந்த இளைஞர் கூட்டத்துக்கு இயற்பியலின் அகரத்தை அலுக்காமல் கற்பித்த ஆசானே! போர் சூழ்ந்த பொல்லாத நாளில் இந்நாட்டு விமானங்களுக்கு மேகத்தையும் இருளையும் ஊடுருவும் கண் கொடுத்த கைகளுக்கு உரியவரே! இத்துறையின் சுவர்கள் வெள்ளையடிக்கப்பட்டு மீண்டும் மீண்டும் மங்கிய காலமெல்லாம் மங்காமல் இருந்து, இன்று விடைபெறும் எங்கள் அம்மையே! வணக்கம்.

எங்கள் முதல் வரைவில் இவற்றோடு 'வாய்மையின் வடிவே' என்றும் ஒரு விளி இருந்தது. வாசித்துக் காட்டியபோது தாங்கள் கையை உயர்த்தி நிறுத்தினீர்கள். "அத எடுத்துடுங்க. எழுதுறதா இருந்தா நடந்தத எழுதுங்க. இல்லேன்னா ஆளுக்கொரு கப் டீ குடிச்சிட்டுக் கலைஞ்சிடலாம்" என்றீர்கள். ஆகவே நடந்ததை எழுதியிருக்கிறோம். ஆனால் தங்கள் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல எங்களுக்கு நா எழவில்லை. எனவே சற்று நேரம் தங்களை விடுத்து, அவையை நோக்கிப் பேசப் பொறுத்தருள வேண்டுகிறோம்.

அவையோரே, 1940ஆம் ஆண்டின் வசந்தத்தில் வினிஃப்ரெட் ஹாலம் இருபத்தைந்து வயதுப் பெண். திருகாணித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராயிருந்த தந்தை, மகள் என்ன வேலை செய்கிறாள் என்பது தெரியாமலேயே தேவாலயத்தில் எல்லோரிடமும் அவளைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டிருந்தார். அவர் மகள் வேலை செய்த இடமோ இதே கட்டடத்தின் இரண்டாம் மாடி. மாடிப்படியில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் நிற்பான். உள்ளே பேராசிரியர் மெரிடித் கோலின் தலைமையில் ஒரு சிறு கூட்டம், உள்ளங்கையளவு செம்புக் கட்டி ஒன்றோடு மல்லாடிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டியில் வட்டமாக ஆறு துளைகள். காந்தத்தின் நடுவே வைத்து மின்சாரம் பாய்ச்சினால் அதிலிருந்து மிகக் குறுகிய வானொலி அலை பீறிட்டு வரும். அந்த அலை எதிரி விமானத்தின் மேல் பட்டுத் திரும்பினால், கண்ணுக்குத் தெரியாததைக் கருவி காட்டிவிடும். ரேடாரை விமானத்துக்குள் வைக்குமளவு சிறிதாக்க அந்தக் கட்டியை விட்டால் வேறு வழியில்லை.

கட்டி சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓர் அலையிலிருந்து வேறோர் அலைக்குத் தாவிவிடும். ஏன் தாவுகிறது என்று மாடியில் ஒருவருக்கும் புரியவில்லை. அதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு ஹாலத்தின் தலையில் விழுந்தது.

இது புரியக்கூடிய ஒரே மனிதர் கீழ்த்தளத்தில் இருந்தார். டாக்டர் லோதர் ஆஷ்னர், யூதர் என்பதற்காக ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரத்திலிருந்து துரத்தப்பட்டு, மனைவி கெர்டாவோடு இங்கு வந்து சேர்ந்த கணித இயற்பியலாளர். ஜெர்மன் கடவுச்சீட்டு வைத்திருந்ததால் சட்டத்தின் கண்ணில் எதிரி நாட்டவர். மாடிப்படியில் கால் வைக்கக் கூடாது. முதலாண்டு மாணவர்களுக்கு ஊசல் பாடம் நடத்தலாம், அவ்வளவுதான். அவருக்காகப் பேராசிரியர் கோல் லண்டன் வரை போய் மன்றாடி, எதிரி நாட்டவருக்கான முகாமில் அடைக்காமலிருக்க ஒரு விலக்கு வாங்கி வைத்திருந்தார்.

ஒரு நண்பகல், சிற்றுண்டிச் சாலையில் வெந்த முட்டைக்கோசைக் கிளறிக்கொண்டிருந்த ஆஷ்னரின் எதிரே ஹாலம் போய் அமர்ந்தார். ஒரு பேச்சுக்குக் கேட்பதாகச் சொல்லி, ஒரே வளையத்தில் ஆறு மணிகளைத் தொங்கவிட்டால் அவை திடீரென்று சுருதி மாறுவது ஏன் என்றார்.

ஆஷ்னர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "மணி என்ன, செம்புல செஞ்சதா?"

ஹாலத்தின் முகம் வெளுத்தது. ஆஷ்னர் சிரித்துவிட்டார். "நான் ஒண்ணும் கேக்கல, மிஸ் ஹாலம். நீங்களும் ஒண்ணும் சொல்லல. மணியப் பத்திப் பேசுவோம். பக்கத்துப் பக்கத்து மணி சேர்ந்தும் ஆடலாம், எதிரெதிராவும் ஆடலாம். ரெண்டுக்கும் வேற வேற சுருதி. எது வேணும்னு அதுகளுக்கு எப்படித் தெரியும்? ஒண்ணு விட்டு ஒண்ணாப் பிடிச்சு, சேர்த்துக் கட்டிடுங்க. அப்புறம் தாவாது." மேசை மேல் ஆறு தேநீர்க் கோப்பைகளை வட்டமாக வைத்து, எதை எதோடு கட்டுவது என்று விரலால் காட்டினார்.

ஹாலம் மாடிக்கு ஓடினார். துளைகளுக்கு இடைப்பட்ட சுவர்களை ஒன்று விட்டு ஒன்றாகச் செம்புப் பட்டையால் பிணைத்தார். கட்டி அடங்கியது. மாடியே அவரைக் கொண்டாடியது. யோசனை எங்கிருந்து வந்தது என்று சொல்ல வாயெடுத்தவர், சொன்னால் தாமே விதியை மீறியது வெளிப்படும் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டார்.

ஜூன் மாதம் பிரான்ஸ் வீழ்ந்தது. ஊரெல்லாம் ஒற்றர் பயம். சிற்றுண்டிச் சாலையில் அடுத்த மேசையிலிருந்த யாரோ, ஜெர்மன்காரர் செம்பைப் பற்றிப் பேசியதாகச் சொல்லிவைத்திருக்க, பாதுகாப்பு அதிகாரி கேப்டன் ரட்லெட்ஜ் வந்து ஹாலத்தை அழைத்தார். மரியாதையான மனிதர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். வெளியாரிடம் வேலையைப் பற்றிப் பேசுகிறவர் வெளியேற்றப்படுவார், சிறைக்கும் போகலாம் என்பதை இருவருமே அறிவர்.

"கேள்வி கேட்டது யாரு, மிஸ் ஹாலம்? அவரா?"

ஹாலத்துக்குத் தந்தையின் முகம் நினைவுக்கு வந்தது. மாடியில் தமக்கென்று இருந்த மேசை நினைவுக்கு வந்தது. அந்த மேசையில் ஒரு பெண் உட்காருவதை இன்னும் பிடிக்காத இரண்டு மூன்று பேரும் நினைவுக்கு வந்தனர்.

"செம்புல செஞ்சதான்னு கேட்டார்" என்றார்.

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதனால்தான் அது பின்னாளில் அவரை அவ்வளவு சுட்டது. கேப்டன் பேனாவை மூடி, நன்றி சொல்லி எழுந்துகொண்டார்.

மறுநாள் காலை, முதலாண்டு வகுப்பின் வாசலில் இரண்டு காவலர்கள் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். கணக்கை முடிக்கும்வரை காத்திருந்தார்கள். ஆஷ்னர் கரும்பலகையைத் துடைத்து, அடுத்த வகுப்பை யார் எடுப்பார்கள் என்று விசாரித்துவிட்டு வெளியே வந்தார். படிக்கட்டில் ஹாலம் நின்றிருந்தார். வழியனுப்ப வந்திருப்பதாக ஆஷ்னர் நினைத்துவிட்டார்.

"போயிட்டு வரேன், மிஸ் ஹாலம். மணி ஒழுங்கா அடிக்குதா?"

ஹாலம் தலையசைத்தார். ஒழுங்காகத்தான் அடித்துக்கொண்டிருந்தது.

அன்றே பேராசிரியரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினார். "என்கிட்ட சொல்லிட்டீங்க, அதோட விடுங்க. அவர் போயாச்சு. நீங்களும் போயிட்டா அந்தச் செம்ப யாரு பாப்பா?" என்றார் கோல். அது கட்டளையுமல்ல, அறிவுரையுமல்ல, ஒளிந்துகொள்ள ஓர் இடம். ஹாலம் அதில் ஒளிந்துகொண்டார். சில வாரங்கள் தலைகுனிந்து வேலை செய்தார். கட்டி விமானத்தில் ஏறி, கடலுக்கு மேலே வெற்றிகரமாக வேலை செய்த செய்தி வந்த மாலையில், அவர் பெயரைச் சொல்லிக் கோப்பை உயர்த்தினார்கள். அவரும் குடித்தார்.

பிறகொரு நாள் இறைச்சிக் கடை வரிசையில் கெர்டா ஆஷ்னரைப் பார்த்தார். இடுப்பு வலியால் சாய்ந்து நடக்கும் அந்தப் பெண்ணுக்கு முன்னும் பின்னும் வரிசையில் இடைவெளி விட்டிருந்தார்கள். கெர்டாவின் முறை வந்ததும், ஈரல் தீர்ந்துவிட்டது என்றார் கடைக்காரர். கண்ணாடிக்குப் பின்னால் தட்டு நிறைய ஈரல் இருந்தது. கெர்டா கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். ஹாலம் வரிசையைவிட்டு விலகி, நேரே கேப்டன் ரட்லெட்ஜின் அலுவலகத்துக்கு நடந்தார். கேள்வி கேட்டது தாம்தான், பதில் சொன்னது மட்டுமே ஆஷ்னர், அந்தப் பதிலைத்தான் விமானத்தில் ஏற்றியிருக்கிறீர்கள் என்று சொன்னார்.

கேப்டன் கோபப்படவில்லை. "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. அவர ஏத்துன கப்பல் ஆஸ்திரேலியா முகாமுக்குப் போயிடுச்சு, மிஸ் ஹாலம்" என்றார்.

மாடிக்குச் செல்லும் அனுமதி அன்று மாலையே பறிக்கப்பட்டது. சிறை இல்லை, பேராசிரியர் கெஞ்சிக் காப்பாற்றினார். ஆஷ்னர் விட்டுச்சென்ற முதலாண்டு வகுப்பு ஹாலத்துக்குத் தரப்பட்டது. அந்த வாரமே கெர்டாவின் வீட்டுக் கதவைத் தட்டி, வாசலில் நின்றபடியே நடந்ததைச் சொன்னார். கெர்டா கதவு நிலையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"உள்ள வாங்கன்னு சொல்ல மாட்டேன்" என்றார் கடைசியில். "அழாதீங்க, அதப் பாக்க எனக்குத் தெம்பில்ல. கீழே கிடங்குல நிலக்கரி கிடக்கு. மேல தூக்கிட்டு வர ஆள் இல்ல."

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் ஹாலம் நிலக்கரி சுமந்தார். வாளியைக் கதவோரம் வைப்பார், கெர்டா எடுத்துக்கொள்வார். கடிதம் வந்திருந்தால் "உயிரோட இருக்கார்" என்பார். வராவிட்டால் கதவை மூடிக்கொள்வார். இரண்டு குளிர்காலம் இப்படியே கழிந்தது.

பயனுள்ள அறிவியலாளர்களை விடுவிக்கலாம் என்று அரசுக்குப் புத்தி வந்தபின், 1942இல் ஆஷ்னர் திரும்பினார். பாலைவன முகாமின் வெயிலில் கறுத்து, சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேடும்படி மெலிந்திருந்தார். நேரே தம் பழைய வகுப்புக்கு வந்து கடைசி இருக்கையில் அமர்ந்தார். ஹாலம் அவரைக் கண்டும் பாடத்தை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் மீண்டும் தொடங்கியிருக்க முடியாது. மாணவர்கள் போனபின் ஆஷ்னர் எழுந்து முன்னே வந்தார்.

"மூணாவது வரியில கூட்டல் குறி போட்டிருக்கீங்க. கழித்தல் வரணும்."

ஹாலம் திருத்தினார். பிறகு, தாம் கேப்டனிடம் சொன்னது என்னவென்று சொல்லத் தொடங்கினார்.

"தெரியும். கெர்டா எழுதினா" என்றார் ஆஷ்னர். "அப்புறம் முகாம்ல உக்காந்து உங்களத் திட்டிக்கிட்டே இருந்தேன். வேற வேலை என்ன இருந்தது? மன்னிச்சிட்டேன்னு சொன்னா அது பொய். கூட வேலை செய்றேன்னு சொன்னா பொய் இல்ல. அத வெச்சு நடத்த முடியுமா பாருங்க."

ஹாலம் தலையசைத்தார். இம்முறை ஆஷ்னருக்கு மாடி ஏற அனுமதி கிடைத்திருந்தது. செம்போடு பழகிய கை ஒன்று வேண்டும், இந்தப் பெண் இல்லாமல் ஏற மாட்டேன் என்று அவர் பேராசிரியரிடம் சொன்னது கருணையாலா, தேவையாலா என்று ஹாலம் ஒருநாளும் கேட்கவில்லை. போர் முடிந்து இரகசியம் விலகியதும் அந்தச் செம்புப் பட்டையைப் பற்றிய முதல் கட்டுரையில் ஆஷ்னரின் பெயர் முன்னே நின்றது. தம் பெயரே வேண்டாம் என்று ஹாலம் அடித்திருந்ததைப் பார்த்து, மணி என்று புளுகிய ஆள் யார் என்பது உலகுக்குத் தெரிய வேண்டாமா என்று சொல்லி ஆஷ்னரே அதை மீண்டும் எழுதிச் சேர்த்தார். அவர் மறையும்வரை இருவரும் அடுத்தடுத்த அறைகளில் இருந்தார்கள். மன்னிப்பு என்ற சொல் அந்த இரண்டு அறைகளுக்கும் நடுவே மீண்டும் எழவேயில்லை.

எங்களில் எவரும் இதன் முன்பாதியைப் பிறர் வாயால் கேட்டதில்லை. இத்துறையில் சேரும் ஒவ்வொருவரையும் முதல் வாரத்திலேயே தேநீருக்கு அழைத்து, பிறர் சொல்லுமுன் தாமே சொல்லிவிடுவார் ஹாலம் அம்மையார். சொல்லும்போது கண்கள் கோப்பையிலேயே இருக்கும். ஒவ்வொரு முறையும் காது மடல் சிவக்கும். பழகிப்போன கதையைச் சொல்பவரின் முகம் அதுவல்ல.

இம்மடலை வாசிக்கலாமா என்று கேட்க, எங்களில் இருவர் கெர்டா ஆஷ்னரைக் காணச் சென்றோம். எண்பதை நெருங்கும் அவர் முழுவதையும் வாங்கிப் படித்தார். அவர் படித்த வரைவு கப்பலோடு முடிந்திருந்தது. ஹாலம் எங்களுக்குச் சொன்னது எப்போதும் அதுவரைதான். நிலக்கரியைப் பற்றியோ வகுப்பறையைப் பற்றியோ எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

"இதோட நிறுத்திட்டாளா?" என்றார் கெர்டா. "செம்பான்னு கேட்டார்னு சொல்லி நிறுத்தினாளே அன்னைக்கு, அதே மாதிரிதான் இதுவும். பாதிய மட்டும் சொல்றா. உக்காருங்க, மீதிய நான் சொல்றேன்."

அம்மையே, மீண்டும் தங்களிடம் திரும்புகிறோம். மேலே தாங்கள் கேட்ட பின்பாதி அவர் சொல்லி நாங்கள் எழுதியது. தங்களிடம் காட்டாமல் இங்கே வாசித்ததற்கு எங்களைக் கடிந்துகொள்ளுங்கள். ஆயினும் அடித்துத் திருத்த இனி இயலாது, மடலுக்குக் கண்ணாடிச் சட்டமிட்டாயிற்று.

ஓய்வுக் காலம் ஓங்கி நீள்க! உடல் நலம் குன்றாது ஒளிர்க! வழக்கமாய் வாழ்த்துவோர் நல்ல நினைவுகள் நாளும் சூழ்க என்பர். நாங்களோ, அந்தப் பழைய ஜூன் மாதம் நினைவுக்கு வராத காலைகள் சிலவேனும் தங்களுக்கு வாய்க்க வேண்டும் என்று வாழ்த்துகிறோம். அப்படியொரு காலை வருமானால், அதற்காகத் தாங்கள் வெட்கப்பட வேண்டாம்.

தங்களோடு பணிபுரிந்த பேற்றினை மறவாத,
இயற்பியல் துறை ஆசிரியர்களும் பணியாளர்களும்
ஜூன் 1976