வேலிக்கு விளங்காத பூ

இராசமலர்: …காலமை முழுக்க வேலிக்குள்ளாலை கேட்டுக்கொண்டுதான் இருந்தனான், மாஸ்டர். நீங்களும் விமலா அக்காவும் "ப்ளோத், ப்ளோத்" எண்டு…

கனகலிங்கம்: அது… இங்கிலீசு, தங்கச்சி. பூக்கிறதுக்கு இருந்த பழைய சொல். வெள்ளைக்காரனே மறந்திட்டான்.

இராசமலர்: அவன் மறந்ததை வட்டக்கச்சியிலை இருந்து நீங்கள் ஏன் நினைப்பூட்டுறியள்?

கனகலிங்கம்: கிளிநொச்சியிலை செல் குண்டு விழேக்கை அரிசி மூட்டையை விட்டிட்டு டிக்ஷனரியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்த மனுசன் நான். அது எதுக்காவது உதவ வேண்டாமே… இன்னொண்டு இருக்கு, "டஸி-மஸி". சின்னப் பூச்செண்டு. பிறகு "நோஸ்கே", அது மணந்து பாக்க…

இராசமலர்: "ஃப்ளவர்" எண்டு சொன்னால் காணாதோ?

கனகலிங்கம்: அது உங்கடை தம்பி றூபனுக்கும் விளங்குமே.

இராசமலர்: விளங்கினால் என்ன?

கனகலிங்கம்: …ஒண்டுமில்லை. சும்மா சொன்னனான்.

இராசமலர்: சுரேகாவைக் கிணத்தடியிலை காணேல்லை.

கனகலிங்கம்: மகளுக்குக் காய்ச்சல்.

இராசமலர்: காய்ச்சல்காரிக்கு ஆரும் உழுந்தங்களி கிண்டுவினமோ? நல்லெண்ணெய் வாசம் என்ரை குசினி வரைக்கும் வருது. இந்தப் பொருளாதாரத் தடைக்குள்ளை உழுந்து எங்காலை எடுத்தனீங்கள்?

கனகலிங்கம்: ரேடியோவுக்குக் கரண்ட் எடுத்த சைக்கிள் டைனமோவைக் குடுத்து மாத்தினனான். இனி வீட்டிலை ரேடியோச் செய்தி இல்லை, களிதான்.

இராசமலர்: மாஸ்டர்… பிள்ளை பக்குவப்பட்டிட்டாளோ?

கனகலிங்கம்: …மெல்லக் கதையுங்கோ. தண்ணி வார்க்கேல்லை, சடங்கு இல்லை, மாமிக்குக்கூடச் சொல்லேல்லை. உங்கடை தம்பி பின்னேரம் வீடு வீடாய் வந்து வளர்ந்த பிள்ளையளின்ரை பேர் எடுக்கிறாராம், இயக்கத்துக்கு ஆள் சேர்க்க. அவளுக்குப் பன்னிரண்டு வயசு, தங்கச்சி. இன்னும் விரல் சூப்பிக்கொண்டு படுக்கிறாள்.

இராசமலர்: அவன் வரேக்கை உள்ளுக்கை வைக்காதேங்கோ. மூலையிலை இருத்தின பிள்ளையெண்டால் வாசலிலேயே விளங்கிடும். ரெட்டைப் பின்னல் கட்டி, சின்னச் சட்டை போட்டு, முத்தத்திலை கோடு கீறிக் கெந்தி விளையாட விடுங்கோ.

கனகலிங்கம்: துடக்குத் தீட்டோடை முத்தத்திலையோ? தாய்க்காரி விமலா விடமாட்டா…

இராசமலர்: விடச் சொல்லுங்கோ. துணியளைக் கொண்டந்து என்ரை கொடியிலை போடுங்கோ. ஆரும் கேட்டால் என்ரை எண்டு சொல்லுறன்.

கனகலிங்கம்: தம்பி உங்களைக் கேட்டால்?

இராசமலர்: கேட்டவன். அது பால்குடி மாறாத பிள்ளை எண்டிட்டன்.

கனகலிங்கம்: கூடப்பிறந்தவனுக்கே பொய் சொல்லி… எங்களுக்காக ஏன், தங்கச்சி?

இராசமலர்: நீங்கள் இஞ்சை இடம்பெயர்ந்து வர முந்தி, என்ரை மூத்தவள் சிவரூபிக்கு நான் பந்தல் போட்டு, ஸ்பீக்கர் கட்டி, ஊருக்கே சொல்லிச் சடங்கு செய்தனான், மாஸ்டர். பந்தல் கழட்ட முந்தி வந்து கூட்டிக்கொண்டு போட்டினம்… அவள் வவுனியாவிலை நிண்டு படிக்கிறாள் எண்டு உங்களுக்குச் சொன்னனானே, வவுனியாவிலை எங்களுக்கு ஒருத்தரும் இல்லை.