கேட்டால் மட்டும் சொல்லும் பெட்டி

ஆயுத பூஜைக்குப் பொரி வாங்குவது எங்கள் பட்டறையில் எப்போதும் என் பொறுப்பு, சார். வேறு யாரையாவது அனுப்பினால் நமுத்துப்போனதை வாங்கிவந்து பல்லைக் காட்டுவார்கள். இந்த வருஷமும் கும்மிடிப்பூண்டி பஜாருக்கு நானே போனேன். பொரி, கடலை, பூசணிக்காய், எல்லாம் நல்லதாக அமைந்தது.

பாக்கியநாதனைப் பற்றித்தானே கேட்டீர்கள்? அதற்குத்தான் வருகிறேன். முதலில் எங்கள் வேலை இன்னதென்று தெரியவேண்டும். சின்ன விமானங்களில் டிரான்ஸ்பாண்டர் என்ற பெட்டியைப் பொருத்துகிறோம். தரையிலிருக்கும் ரேடார், ‘நீ யார், எவ்வளவு உயரத்தில் இருக்கிறாய்?’ என்று கேட்கும். பெட்டி தன் நான்கு இலக்க எண்ணையும் உயரத்தையும் சொல்லும். நாங்கள் போடுவது பழைய மாதிரி. கேட்டால்தான் சொல்லும், கேட்காவிட்டால் வாயைத் திறக்காது. அந்தக் குணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

உயரம் தெரிய, வெளிக்காற்று ஒரு மெல்லிய குழாய் வழியாக வரவேண்டும். ஒரு பயிற்சிப் பள்ளியின் மூன்று விமானங்களுக்கு நான்தான் பொருத்தினேன். சீக்கிரம், சீக்கிரம் என்று உயிரை எடுத்தார்கள். பேனலுக்குப் பின்னால் இடம் போதாமல் குழாயை மடக்கிச் செருகிவிட்டேன். மடங்கிய குழாயில் காற்று மெதுவாகத்தான் போகும். விமானம் மேலே ஏறிவிடும், பெட்டி பழைய உயரத்தையே சொல்லிக்கொண்டிருக்கும். ஓட்டுகிறவனுடைய மீட்டருக்குத் தனிக் குழாய், அதனால் அவனுக்கு ஒன்றும் தெரியாது. ரேடாருக்கும், அதை நம்பி எதிரே வருகிற விமானத்துக்கும்தான் தப்பாகத் தெரியும்.

மூன்றில் ஒன்று வேறு ரிப்பேருக்காகத் திரும்பி வந்தது. பூஜையன்று காலையில் அதன் பேனலைக் கழற்றியவன் பாக்கியநாதன்.

“இன்னா செல்விக்கா இது? இப்டி மடிச்சி வெச்சிக்கீற? மத்த ரெண்டும் பறந்துகினு கீதே!”

“லீவு முடியட்டும்டா. நானே சொல்லிக்கிறேன்.”

“அதெல்லாம் ஆவாதுக்கா. சின்னப் பசங்க ஓட்டுறது. இந்தப் பொட்டிய டெஸ்ட் பண்ணிட்டு சாயந்தரமே ஸ்கூலுக்குப் போன் போட்டுர்றேன்.”

கெட்ட பையன் இல்லை. பிடித்தால் விடமாட்டான், அதுதான் தொல்லை. இருபது வருஷமாக ‘தமிழ்ச்செல்வி மேடம் கை வைத்தால் தப்பாது’ என்று பேர். லைசன்ஸ் போனால் நான் யார்? பயமாக இருந்தது, சார். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவராக இருந்தது.

எங்கள் டெஸ்ட் ரூம் முழுக்கச் செப்புத் தகடு அடித்தது. உள்ளே சோதிக்கும் பெட்டியின் அலை வெளியே கசிந்தால், மீனம்பாக்கத்து ரேடாரில் இல்லாத விமானம் ஒன்று தெரியும். அதனால் உள்ளிருந்து எந்த அலையும் வெளியே போகாது, செல்போன்கூட எடுக்காது. கதவைச் சாத்தித்தான் சோதிக்கவேண்டும். உள்பக்கக் கைப்பிடி உடைந்து ஒரு மாதமாகிறது. அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு: பட்டறையில் போடும் நீலச் செருப்பு கதவடியில் இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறார், வெளியிலிருந்து திறந்துவிட வேண்டும். ஸ்டாண்டில் இருந்தால் ஆள் வீட்டுக்குப் போயாச்சு.

பாக்கியநாதன் வேதக்காரன், சர்ச்சுக்குப் போகிறவன், பூஜைக்கு நிற்கமாட்டான். “நீங்க சாமி கும்புடுங்க, நான் வேலைய முடிச்சிர்றேன்” என்று உள்ளே போனான். மற்றவர்கள் எல்லாரும் வாசலில் பூசணிக்காயைச் சுற்றி நின்றார்கள். கதவடியில் அவன் செருப்பு ஒன்று இப்படியும் ஒன்று அப்படியுமாகக் கிடந்தது. ஒழுங்கில்லாமல் எது கிடந்தாலும் எனக்கு ஆகாது. எடுத்துப்போய் ஸ்டாண்டில் அவன் பேர் போட்ட இடத்தில் வைத்தேன். வீசிங்குக்கு அவன் அடித்துக்கொள்ளும் மருந்து அவன் லாக்கரில் இருந்தது. அதை நான் தொடவேயில்லை.

பிறகு கதவுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். அப்போது, உள்ளேயிருந்து கம்பி இழுத்து வெளியே மாட்டியிருக்கும் சோதனைத் திரையில் 7700 என்று வந்தது. எங்கள் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்: ஆபத்து, காப்பாற்று. தட்டினால் கேட்காத கதவு, போன் எடுக்காத அறை; அந்த நிலையிலும் சரியான எண்ணைத் திருப்பி வைத்தான். நல்ல வேலைக்காரன். நான் மெயின் சுவிட்சை அணைத்தேன். பூஜை முடிந்தால் மெயினை அணைப்பது எங்கள் வழக்கம். அதோடு, வேறு வழியில் காற்றுப் போகாத அந்த அறைக்குக் காற்று அனுப்பும் ஃபேனும் நின்றது. பொட்டு வைத்த எதையும் விஜயதசமி முடியும்வரை தொடக்கூடாது, சார். சனி, ஞாயிறும் சேர்ந்து லீவு.

அன்று சாயந்தரம் ஆரம்பாக்கத்திலிருந்து அவன் சம்சாரம் சாராள் கூப்பிட்டாள்.

“அக்கா, அவுரு இன்னும் ஊட்டுக்கு வரலக்கா. போனும் போவல. அங்கதான் கீறாரா?”

“செருப்பு ஸ்டாண்டுல கீதும்மா” என்றேன். அது உண்மைதானே?

திங்கட்கிழமை கதவைத் திறந்தது நான்தான். பொரி வாசனை பட்டறை முழுக்க இருந்தது. எல்லாரும் உடைந்த கைப்பிடியைத்தான் திட்டினார்கள். யாரும் செருப்பைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை. நீங்கள் கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். அவனை நான்தான் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள்.

இன்றுவரை ஒரு பொய்யும் நான் சொன்னதில்லை, சார். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறேன். மற்ற இரண்டு விமானங்களைப் பற்றி மட்டும் யாரும் கேட்கவில்லை; நீங்களும்தான். காலையிலிருந்து நம் தலைக்கு மேல் சத்தம் வந்துகொண்டிருக்கிறதே, அது அவைதான்.